கடிகாரம் யார் பக்கம்?

கேள்வி: கணினியில் பழங்காலக் கோட்டைப் போர் விளையாடுகிறேன். நேரக் கெடு வைத்த சண்டைகளில் மட்டும் தோற்கிறேனே, என்ன செய்யலாம்?
– வாசகர், அரியலூர்

பதில்: பக்கத்திலேயே இருக்கும் ரஞ்சன்குடிக் கோட்டைக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1751இல் அதை அடுத்த வாலிகண்டபுரத்தில், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலிக்காக வந்த ஆங்கிலப் படை, கோட்டைத் தலைவரான கில்லேதாரோடு பேரம் பேசியே நாள்களைத் தொலைத்தது. அதற்குள் அவருடைய போட்டியாளர் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் வந்துவிட, திருச்சிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அந்தப் படையிலிருந்து அதைக் கண்ணால் கண்ட கிளைவ், அதே ஆண்டு ஆர்க்காட்டைப் பிடித்து 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். அங்கே தாமதமே அவருக்குப் படைத்துணை!

விளையாட்டிலும் கெடு முடிந்தால் வெற்றி யாருக்கு என்று முதலில் பாருங்கள். உங்களுக்கென்றால் மதிலை விட்டு இறங்காதீர்கள். எதிரிக்கென்றால் வயலும் களஞ்சியமும் அமைப்பது அப்புறம். முதல் நிமிடமே கோட்டை வாசலை இடியுங்கள்.