அடைக்கலம், அட்வான்ஸ் தனி

செய்தித்தாள் உலகில் தஞ்சம் புகும் பாக்கியம் இரண்டு கூட்டத்தாருக்குத்தான் மிச்சமிருக்கிறது. வீட்டை எதிர்த்து மாலை மாற்றிக்கொண்ட காதல் ஜோடி போலீஸ் நிலையத்தில் தஞ்சம் புகும். எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்று தலைமை அஞ்சும் எம்.எல்.ஏ.க்கள் ரிசார்ட்டில் புகுவார்கள். 2017ஆம் ஆண்டு மட்டும் குஜராத் காங்கிரஸ்காரர்கள் பிடதிக்கும், நம் தினகரன் அணியினர் குடகுக்கும் வந்து மூன்று வேளைச் சாப்பாட்டோடு தங்கிப் போனார்கள். கர்நாடகத்துக்கு இதில் ஒரு கைராசி உண்டு.

அந்தக் கைராசி எனக்கும் வாய்த்தது, ரிசார்ட் இல்லாமல். எங்கள் அரியலூர்ப் பக்கம் அடைக்கலம் என்பது முதலில் ஆள் பெயர். ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயிலின் தயவில் தெருவுக்கு ஓர் அடைக்கலசாமியாவது இருப்பார். அப்படி ஒருவரின் மருமகனை நம்பித்தான், எண்பதுகளின் கடைசியில், தகரப் பெட்டியில் சிலப்பதிகாரமும் சட்டைப்பையில் இரண்டு வரிக் கடிதமுமாக பெங்களூர் பொம்மனஹள்ளியில் வந்து இறங்கினேன். 'பையன் உங்களை நம்பி வருகிறான்' என்று மட்டும் இருந்தது கடிதத்தில். ஆதார் எண் இல்லை, புகைப்படம் இல்லை, எத்தனை நாள் இருப்பான் என்பதுகூட இல்லை. ஷீட் போட்ட பத்துக்குப் பத்து அறையில் ஏற்கெனவே நான்கு பேர். ஐந்தாவது பாய் விரிக்க இடம் வேண்டுமே என்று ஒருவர் அரிசி மூட்டையை நிமிர்த்தி வைத்தார், அவ்வளவுதான் சடங்கு. ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் அடைக்கலங்குருவி ஒன்றும் குடும்பத்தோடு இருந்தது. அது எவரிடமும் கடிதம் கொண்டுவரவில்லை. வைக்கோல் துரும்பை எங்கள் சோற்றில் தவறாமல் உதிர்த்தது.

தையல் கம்பெனி ஒன்றின் டைம் ஆபீஸில் வேலை கிடைத்தது. தமிழ் எம்.ஏ. படித்தவன் பஞ்ச் கார்டுகளை அடுக்குகிறானே என்ற வருத்தத்தில், மாடு கறந்து வாழ்ந்த எங்கள் ஓனரம்மாவுக்குச் சிலப்பதிகாரத்து மாதரியின் கதையைச் சொன்னேன். கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைத்ததும் ஓர் இடைச்சியிடம்தான் என்று நான் உருகியதைக் கேட்டு முடித்துவிட்டு, தண்ணீர் பிடித்தாயிற்றா என்று கேட்டார்.

1991 டிசம்பரில், தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தரச் சொன்ன காவிரி நடுவர் மன்ற இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த கையோடு நகரம் பற்றிக்கொண்டது. தமிழர் கடைகள் எரிந்தன, மூட்டை முடிச்சோடு ஆயிரக்கணக்கானோர் ஓசூர் ரோட்டைப் பிடித்தார்கள். ஓனரம்மா எங்கள் ஐவரையும் உள்ளே தள்ளி, வெளியே பூட்டுப் போட்டு, பூட்டின் முன்னால் எருமையையும் கட்டினார். கேட்டு வந்தவர்களுக்கு, "ஊரிகெ ஹோகவ்ரெ", ஊருக்குப் போய்விட்டார்கள், என்று ஒரே பதில். பின் ஜன்னல் வழியாகக் களி உருண்டையும் கீரைச் சாறும் வந்தன. வாயைத் திறந்து தமிழ் பேசக் கூடாதென்ற உத்தரவும் வந்தது. உள்ளே குந்தியிருந்த நான், மாதரி மனையில் கண்ணகி இருந்ததைப் போலல்லவா இருக்கிறோம் என்று புல்லரித்தேன். கண்ணகிக்கு மறுநாள் என்ன ஆயிற்று என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அடைக்கலத்துக்கு ஓனரம்மா காசு வாங்கவில்லை. அந்த மாத வாடகையிலோ ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

இப்போது குறை சொன்னால் நன்றாயிராது. ஓசூர் ரோட்டின் மேல் 2010இல் சுங்க மேம்பாலம் வந்தது. மழை பிடித்தால் காசு கொடுத்து மேலே போகும் பைக்காரன் நனைகிறான், கொடுக்காத நாங்கள் கீழே தலை துவட்டிக்கொண்டு அவனுக்காக இரங்குகிறோம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவும் வந்து, பொம்மனஹள்ளி ஒரு ஸ்டேஷன் பெயராக உயர்ந்துவிட்டது. எங்கள் அடுக்ககப் பால்கனியில் குருவிக்கென மரப்பெட்டி வாங்கி மாட்டியிருக்கிறார்கள், புறா வராமலிருக்க வலையும் கட்டியிருக்கிறார்கள். வலைக்குள் குருவி எப்படி வரும் என்று கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள்.

அடைக்கலம் என்றால் ஒருவரை நம்பி ஒப்படைத்து வைக்கும் பொருள் என்றும் பழைய அர்த்தம் உண்டு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கி வைத்து, காலி செய்யும்போது பெயின்டுக்கென்று ஒரு மாதம் கழித்துக்கொள்ளும் பெங்களூர் ஓனர்கள் அந்த அர்த்தத்தை அழியாமல் காத்து வருகிறார்கள் என்பது ஒரு தமிழ் மாணவனுக்குப் பெருமையாகவே இருக்கிறது.

போன மாதம் ஊரிலிருந்து தங்கை பேரன் வருவதாகச் சொன்னான். என் வீட்டிலேயே இரு என்றதற்கு, "வேணாம் தாத்தா, பி.ஜி. பார்த்துக்கறேன்" என்றான், சுதந்திரமாம். மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி ஜென்ட்ஸ் பி.ஜி. நடத்துகிறவன் ஓனரம்மாவின் பேரன்தான். மூன்று பேர் அறையில் ஒரு கட்டிலைக் காட்டினான், வாசல் கருவிக்கு விரல் ரேகை கேட்டான், ஞாயிறு இரவு சாப்பாடு கிடையாது என்றான். என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டான். "பாட்டி உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க அங்கிள்." பிறகு ரசீது எழுத உட்கார்ந்தான். மெயின்டெனன்ஸ் பிடித்தத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.