கரையில் தட்டிப் பார், கடலில் ஓட்டிப் பார்!

பழைய படகு வாங்குவது பற்றி இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருசேரக் கரையில்தானே நிற்கிறார்கள்! எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, பழைய ஜெட் போட்டு ஒண்ணு விலைக்கு வருது. நம்ம வள்ளத்துக்கும் அதுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?
— குளச்சல் வாசகர்

வித்தியாசம் அடியில் இருக்கிறது தம்பி. வள்ளத்தில் புரொப்பல்லர் வெளியே தண்ணீரில் சுற்றும். ஜெட் போட்டில் வெளியே ஒன்றுமே கிடையாது. அடிப்புறத்தில் ஒரு கம்பி வலை இருக்கும். அதன் வழியாக உள்ளே இருக்கும் இம்பெல்லர் என்னும் இலைச்சக்கரம் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கக் குழல் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த வீச்சுதான் படகைத் தள்ளுகிறது. சுக்கானும் கிடையாது, குழலே இடமும் வலமும் திரும்பும். பின்னால் வர வேண்டுமானால் குழலின் வாய்க்குக் குறுக்கே ஒரு மூடி இறங்கி, வீச்சை முன்பக்கமாகத் திருப்பிவிடும்.

இதைப் பேர்பெறச் செய்தவர் நியூசிலாந்தின் பில் ஹாமில்டன், ஆட்டுப் பண்ணைக்காரர். கூழாங்கல் நிறைந்த ஆழமில்லாத ஆறுகளில் ஓட்டுவதற்காக 1950-களில் உருவாக்கினார். 1960-ல் இவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கையே எதிர்நீச்சலில் ஏறிக் கடந்தன. நம் கடற்படையின் கார் நிகோபார் வகைக் கப்பல்கள் ஓடுவதும் இந்த முறையில்தான்.

வாங்கும் முன் ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். நீர்வீச்சு இருந்தால்தான் ஜெட் போட்டு திரும்பும். எதிரே பாறை தெரிந்து, பதறிப்போய் விசையை விட்டுவிட்டால், திருப்பும் சக்தியும் அதோடு போய்விடும். வள்ளம் ஓட்டிப் பழகிய கைக்கு இது புதுப் பாடம். அதைப் படிக்காமல் படகை வாங்கக் கூடாது.

கேள்வி: எங்க பொழிமுகத்துல தண்ணி முழங்காலளவுதான். ஜெட் போட்டு தோதா இருக்குமா?
— மணக்குடி வாசகர்

இருக்கும், இருக்காது, இரண்டும் உண்மை. பழையாறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு எழும்பிக்கொண்டே இருக்கும். புரொப்பல்லர் அங்கே தட்டி வளையும், ஜெட்டுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் ஜெட் தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை. மணல், பாசி, பிளாஸ்டிக் பை, அறுந்த வலைத்துண்டு எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கும். வலைத்துண்டு கம்பியில் சிக்கினால் படகு நின்றுவிடும். மணல் போனால் இம்பெல்லரின் விளிம்பும், அதைச் சுற்றியிருக்கும் வளையமும் தேயும்.

ஆகவே, பழைய ஜெட் போட்டு எந்தத் தண்ணீரில் ஓடியது என்று முதலில் கேளுங்கள். ஆழமான ஏரியில் ஐந்து வருடம் ஓடியதை விட, பொழியில் ஒரு வருடம் ஓடியது அதிகம் தேய்ந்திருக்கலாம்.

கேள்வி: அந்தத் தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிக்க? மெக்கானிக் தயவு இல்லாம முடியுமா?
— தேங்காய்ப்பட்டணம் வாசகர்

பாதி முடியும். எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இம்பெல்லரில் கை வைக்கும்போது யாரும் ஸ்டார்ட் பண்ணிவிடக் கூடாது. பிறகு டார்ச் அடித்து, அடிப்புறக் கம்பி வழியாகவும் பின்குழல் வழியாகவும் பாருங்கள். இலைகளின் விளிம்பு சீராக இருக்க வேண்டும். கல் பட்ட பல்வரிசை போலக் கடித்துக் கடித்து இருந்தால், ஓடும்போது உள்ளே நீர் நுரைத்து, வேகம் கிடைக்காது.

அடுத்தது, இலையின் நுனிக்கும் சுற்று வளையத்துக்கும் உள்ள சந்து. பட்டறையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி அளக்கலாம். சிறிய ஜெட் யூனிட்களில் புதிதாக இருக்கும்போது அந்தச் சந்து ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். முழு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், வளையம் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கையால் இம்பெல்லரைச் சுற்றினால் கரகரப்பு இல்லாமல் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் கடகடவென்று ஆடக் கூடாது. ஆடினால் பேரிங் போய்விட்டது.

விற்பவர் கரையில் வைத்தே எஞ்சினை உறுமவிட்டுக் காட்டுகிறாரா? நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாமல் ஜெட் ஓடினால், நீரால் குளிர்ந்து வழவழப்பாக ஓட வேண்டிய பாகங்கள் உராய்ந்து தீய்ந்துவிடும். உங்களுக்குக் காட்டும்போதே இப்படி என்றால், காட்டாதபோது எப்படி ஓட்டியிருப்பார்!

கேள்வி: ஜெட் எல்லாம் நமக்கு எட்டாது. பழைய பைபர் வள்ளம் வாங்கப் போறேன். முதல்ல எதைப் பாக்கணும்?
— முட்டம் வாசகர்

பெயிண்டைத் தவிர எல்லாவற்றையும்! புதுப் பெயிண்ட் அடித்த பழைய வள்ளத்தைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள். மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க, ஓரிடத்தில் மட்டும் பளபளத்தால் அங்கேதான் கதை இருக்கிறது.

வள்ளம் கரையேறி, அடிப்பாகம் காயும் நாளில் போங்கள். நம் குமரி மாவட்டத்துக்கு விசைப்படகுத் தடைக்காலமே இரண்டு. சின்னமுட்டம் பக்கம், கிழக்குக் கடற்கரைக் கணக்கில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம், மேற்குக் கணக்கில், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் பழுதுபார்க்கக் கரையேறும் இந்த மாதங்களில் தச்சரும் மெக்கானிக்கும் அங்கேயே இருப்பார்கள். படகின் முதுகும் வயிறும் தெரியும். தண்ணீரில் மிதக்கும் படகு தன் பாதியைத்தான் காட்டும்.

கையில் ஒரு நாணயம் போதும். முனையிலிருந்து பின்பக்கம் வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டுக்கொண்டே வந்து, ஓரிடத்தில் 'தொப்' என்று அமுங்கினால், அங்கே அடுக்குகள் பிரிந்து, இடையில் நீரோ காற்றோ புகுந்திருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். முழுவதும் தட்டி முடித்தபின் தள்ளி நின்று வட்டங்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் பேசலாம். எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சுற்றி வட்டங்கள் கூடிவிட்டால் கிளம்பிவிடலாம்.

அந்தப் பின்பலகைதான் வள்ளத்தின் உயிர்நிலை. எஞ்சினைப் பிடித்து, மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தாலோ, மூலையில் கீறல் வாய் திறந்தாலோ, உள்ளே மரம் உளுத்துவிட்டது. சந்தேகம் இருந்தால் உரிமையாளரின் சம்மதத்தோடு கீழே உள்ள ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். துரு ஏறி, ஈரத்தோடு பழுப்பு மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தால், வேறு சாட்சி தேவையில்லை.

கேள்வி: பிளைவுட் வள்ளம் மலிவா கிடைக்குது. மரம்னா தண்ணியில ஊறிப் போகாதா?
— ராஜாக்கமங்கலம் துறை வாசகர்

உங்கள் பக்கத்து முட்டமே அதற்குப் பதில் சொன்ன ஊர். பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே, முட்டத்தில் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் படகு கட்டும் முயற்சியில் ஈடுபட்டார். கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் கிடைப்பது அரிதாகிவந்த காலம் அது. அந்த அனுபவத்தை 1985-ல் புத்தகமாகவும் எழுதினார். கப்பல் தரத்து பிளைவுட்டைத் தைத்து, பசை போட்டு ஒட்டி, மேலே பைபர் போர்த்தினால் நன்றாகவே உழைக்கும்.

பலகையின் நடுவில் தண்ணீர் எளிதில் புகாது. வெட்டு விளிம்பிலும் ஆணி போட்ட துளையிலும்தான் புகும். ஆகவே விளிம்புகளை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் வேண்டாம். கனத்தையும் கேளுங்கள். முன்பு நான்கு பேர் தூக்கிய வள்ளத்தை இன்று ஆறு பேர் தூக்க வேண்டியிருந்தால், மிச்ச இரண்டு பேர் சுமப்பது தண்ணீரைத்தான்.

கேள்வி: எஞ்சின் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆயிட்டு! உடனே அட்வான்ஸ் குடுத்திரவா?
— கடியப்பட்டணம் வாசகர்

இழுக்கும் முன் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தீர்களா? சூடாக இருந்திருந்தால், நீங்கள் வருமுன்பே ஒரு முறை ஓட்டி வைத்திருக்கிறார். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்.

பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே கோளாறு. கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால், சீல் போய்க் கடல்நீர் புகுந்திருக்கிறது. மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால், பெட்ரோலில் ஸ்டார்ட் ஆனது போதாது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். குளிரூட்டும் தண்ணீர் பக்கத்துத் துளையில் விடாமல் பீய்ச்ச வேண்டும்.

துத்தநாகக் கட்டியையும் பாருங்கள். உப்பு நீர் எஞ்சினை அரிக்காமல், தான் அரிபட்டுக் காப்பது அது. பாதி கரைந்திருந்தால் நல்ல செய்தி, வேலை செய்திருக்கிறது. அடியோடு காணவில்லை என்றாலோ, அதன்மேல் பெயிண்ட் பூசியிருந்தாலோ, உப்பு வேறெதையோ தின்றிருக்கிறது.

கேள்வி: கடல்ல ஓட்டிப் பாக்கும்போது என்ன கவனிக்கணும்?
— இனையம் வாசகர்

இரண்டு பேர் மட்டும் ஏறிப் போகாதீர்கள். நாளை எவ்வளவு சுமை ஏற்றுவீர்களோ அவ்வளவும் ஏற்றி ஓட்டுங்கள். கிளம்பும் முன் அடித்தட்டைத் துடைத்துக் காயவிடுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குனிந்து பாருங்கள், அங்கே நிற்கும் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தெரிந்த பிறகே விலை பேசுங்கள். ஜெட் போட்டில் எஞ்சின் இரைச்சல் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால், இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ காற்றை இழுக்கிறது.

கேள்வி: ஆழ்கடல் போட்டுல பங்கு வாங்கப் போறேன். பேப்பர் எல்லாம் சரியா இருக்குன்னு தரகர் சத்தியம் பண்றார்...
— தூத்தூர் வாசகர்

சத்தியத்தைப் பதிவுத்துறை ஏற்பதில்லை. படகின் உடம்பில் எழுதிய எண்ணும் (நம் மாவட்டப் படகுகளுக்கு 'ஐஎன்டி-டிஎன்-15' என்று தொடங்கும்), பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா? எஞ்சின் எண் பொருந்துகிறதா? மீன்வளத் துறை அலுவலகத்துக்கு நீங்களே போய் விசாரியுங்கள். வங்கிக் கடன் நிலுவை இல்லையென்று எழுத்தில் வாங்குங்கள். கேரளப் பதிவு என்றால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். உங்கள் ஊரில் ஒரு படகுக்குப் பல பங்குக்காரர்கள் இருப்பது வழக்கம். எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். ஒருவர் விட்டுப்போனாலும், வழக்கையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

கேள்வி: பழைய மீன்பிடிப் போட்டை வாங்கி, மேல்தட்டு போட்டு, சுற்றுலாக்காரங்களை ஏத்தினா நல்ல வருமானமாமே?
— நாகர்கோவில் வாசகர்

வேண்டாம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது என்று அப்போதே செய்தி வந்தது. வலையும் மீனும் சுமக்கக் கட்டிய படகுக்கு மேல்தட்டு போட்டு ஆட்களை ஏற்றினால் பாரம் உயரே போகும். எல்லோரும் படம் எடுக்க ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் சாயும். உள்நாட்டு நீர்வழியில் ஆளேற்ற 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும். ஆளேற்றவே கட்டி, சான்று பெற்ற படகை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் நகையை அடகு வச்சு பழைய வள்ளம் வாங்கணும்னு நிக்கார். நான் என்ன சொல்லட்டும், அண்ணாச்சி?
— பெரியவிளை வாசகி

வாங்கட்டும் தங்கச்சி, இரண்டு நிபந்தனை போடுங்கள். ஒன்று, கையில் உள்ளதை முழுவதும் விலைக்குக் கொடுக்கக் கூடாது. முதல் பருவத்திலேயே பழுதுக்குப் பணம் தேவைப்படும், ஐந்தில் ஒரு பங்காவது தனியே இருக்கட்டும். இரண்டு, அந்தப் பங்கிலிருந்து முதலில் வாங்க வேண்டியது உயிர்காப்பு ஜாக்கெட்டும் வயர்லெஸ் கருவியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டாமல் போனதன் விலையை நம் கடற்கரை இன்னும் மறக்கவில்லை.

வள்ளம் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். நாணயத்தால் தட்டுவதற்கு ஆணென்ன பெண்ணென்ன! 'தொப்' என்று கேட்டால் உரக்கச் சொல்லுங்கள். அவர் ஆசைப்பட்ட வள்ளத்தை வேண்டாமென்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நகை உங்களுடையது, அதில் ஏறிப் போகப்போகிறவரும் உங்களுடையவர்.