டிக் விழுந்தால் போதுமா?

வாட்ஸ்அப் பிசினஸில் வாடிக்கையாளருக்குப் படம், வீடியோ, பில், ரிப்போர்ட் அனுப்புவது பற்றி வாசகர்கள் கேட்டவை.

மரச்சாமான் கடை, மதுரை: கட்டில் படங்கள் ஏழு அனுப்பினேன். நீல டிக் விழுந்து இரண்டு நாளாகிறது. பதில் இல்லை. மறுபடி அனுப்பலாமா?

அதே ஏழையும் வேண்டாம். நீல டிக் சொல்வது ஒன்றுதான்: அவர் உங்கள் உரையாடலைத் திறந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாரா, அளவு புரிந்ததா, வீட்டில் காட்டினாரா என்பது அதில் தெரியாது. ஒவ்வொரு படத்தின் கீழும் விலையும் அளவும் இருந்ததா? இல்லையென்றால் அவர் ஏழு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு அலுத்தே பலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். இப்போது ஒரே வரி போதும்: “தேக்கில் பார்க்கட்டுமா, வேங்கையிலா?” அவர் சொன்னதும் ஒரு படம், கீழே நீளம், அகலம், விலை, எத்தனை நாளில் வரும் என்ற விவரம். அனுப்பியதற்கு அத்தாட்சி டிக். புரிந்ததற்கு அத்தாட்சி பதில்.

பாத்திரக் கடை, கும்பகோணம்: எல்லா வாடிக்கையாளருக்கும் தினமும் காலை வணக்கப் படம் அனுப்புகிறேன். உறவு வளருமா?

அவர்கள் ஃபோனில் இடம் குறையும். கேட்காத நூறு படங்களுக்கு நடுவே, கேட்ட ஒரு பில் காணாமல் போகும். தினமும் கடையைக் காட்ட வேண்டுமானால் ஸ்டேட்டஸில் போடுங்கள், விரும்பியவர் பார்ப்பார். சரக்கைக் காட்ட கேட்டலாக் இருக்கிறது. 500 பொருள்வரை விலையோடு அடுக்கி வைக்கலாம்.

பட்டுச்சேலை வியாபாரி, காஞ்சிபுரம்: படத்தில் பார்த்த நிறம் வேறு, வந்த சேலை வேறு என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

ட்யூப் லைட்டையும் ஃபில்டரையும் விட்டுவிடுங்கள். காலையிலோ மாலையிலோ, நேர் வெயில் படாத நிழல் வெளிச்சத்தில், சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் சேலையின் நிறமும் பொய். ஒரு சேலைக்கு நான்கு படம் வேண்டும்: முழுச்சேலை, முந்தானை, பார்டர், சில்க் மார்க் அட்டை தெரியும்படி ஒன்று. ஜரிகை மின்னுவதைப் படம் காட்டாது. அதற்குப் பத்து விநாடி வீடியோ எடுத்து, மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள்.

அனுப்பும்போது எச்.டி. என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் அந்த வசதி 2023 ஆகஸ்டில் வந்தது. தானாக இயங்கும் என்று நம்பியிருக்காமல் ஒவ்வொரு தடவையும் கவனியுங்கள். அப்போதும் ஒவ்வொரு ஃபோன் திரையும் நிறத்தை ஒவ்வொரு விதமாகவே காட்டும். “அரக்கு, கொஞ்சம் கருஞ்சிவப்புப் பக்கம் சாயும்” என்று எழுத்திலும் சொல்லிவிடுங்கள். படம் தவறவிட்டதை அந்த ஒரு வரி பிடித்துக் கொடுக்கும்.

அச்சகம், சிவகாசி: வாடிக்கையாளர் அனுப்பும் லோகோ அச்சில் மங்கலாக வருகிறது. அவரிடம் கேட்டால் “என் ஃபோனில் நன்றாகத்தான் இருக்கிறது” என்கிறார்.

இருவர் சொல்வதும் உண்மை. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும். கையகலத் திரைக்கு அது போதும். ஏ4 தாளில் 300 டி.பி.ஐ. தரத்துக்கு 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். அதனால் “போட்டோவாக வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்” என்று கேளுங்கள். இணைப்புக் குறியைத் தொட்டு டாக்குமென்ட் வழியாக அனுப்பினால் கோப்பு சுருங்காமல் அப்படியே வரும். 2022 முதல் 2 ஜி.பி. வரை போகிறது. எப்படி அனுப்புவது என்பதை ஒரு சிறு குறிப்பாக எழுதி, குயிக் ரிப்ளையில் சேமித்து வையுங்கள். ஆர்டர் எடுத்ததும் அனுப்பவேண்டிய முதல் செய்தி அதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஃபோனில் எடுத்த படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் கோப்புக்குள் ஒட்டிக்கொண்டு வரலாம். வீட்டில் எடுத்த படத்தை வெளியாருக்கு அனுப்புபவர்கள் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது.

பம்ப்செட் டீலர், கோவை: மோட்டார் பொருத்தும் வீடியோவை எங்கள் டீம் இன்பாக்ஸிலிருந்து விவசாயிகளுக்கு அனுப்பினால் போகவே மாட்டேன் என்கிறது.

பல ஊழியர்கள் ஒரே எண்ணிலிருந்து பதில் சொல்லும் இன்பாக்ஸ் மென்பொருள்கள் வாட்ஸ்அப்பின் ஏ.பி.ஐ. என்ற இணைப்பு வழியாக இயங்குபவை. அங்கே வரம்பு கறார்: படம் 5 எம்.பி., வீடியோவும் ஆடியோவும் 16 எம்.பி., டாக்குமென்ட் 100 எம்.பி. வீடியோ எம்.பி.4 வடிவில், எச்.264 முறையில் இருக்க வேண்டும். புது ஃபோன்கள் பலவும் வேறு முறையில் பதிவு செய்வதால், அளவு சரியாக இருந்தும் சில வீடியோ திரும்பி வரும்.

ஆனால் அனுப்பிவிட்டால் மட்டும் முடிந்ததா? உங்கள் வாடிக்கையாளர் கிணற்றடியில் நிற்கிறார். சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும். மொபைல் டேட்டாவில் வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தை மட்டுமே தானாக இறக்கும். வீடியோவை அவரே தொட்டு, காத்திருந்து இறக்க வேண்டும். எனவே ஆறு நிமிட வீடியோவை வேலை வாரியாக வெட்டுங்கள்: வயர் இணைப்பு, ஸ்டார்ட்டர், தண்ணீர் ஏறவில்லை என்றால் பார்க்க வேண்டியவை. 720 தரம் தாராளம். ஒவ்வொன்றின் கீழும் “1 நிமிடம், 6 எம்.பி.” என்று எழுதுங்கள். எதை இறக்குவது என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

துணிக்கடை மேலாளர், ஈரோடு: நேற்றுக் காலை விலை கேட்டவருக்கு இன்று மதியம் கேட்டலாக் அனுப்பினால் இன்பாக்ஸ் தடுக்கிறது. மென்பொருளில் கோளாறா?

கோளாறு இல்லை, விதி. ஏ.பி.ஐ. வழியில், வாடிக்கையாளர் கடைசியாகப் பேசியதிலிருந்து 24 மணி நேரம்தான் நீங்கள் நினைத்ததை நினைத்தபடி அனுப்பலாம். அவர் மறுபடி பேசினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். அதற்குள் தரும் பதிலுக்கு, வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்குக் கட்டணம் கிடையாது. அது தாண்டினால், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் மட்டுமே போகும். அதன் தலைப்பில் படமோ வீடியோவோ பி.டி.எஃப்.ஓ வைக்கலாம். கட்டணம் உண்டு, 2025 ஜூலை முதல் அது செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கு.

விலை கேட்டவர் அன்றே அடுத்த கடையிலும் கேட்டிருப்பார். அன்றைக்கே பதில் சொல்லும் கடைக்கு இந்த விதி தெரியவே தெரியாது. டெம்ப்ளேட் அனுப்புவதானால், சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். பலர் பிளாக் செய்தாலோ புகார் கொடுத்தாலோ உங்கள் எண்ணின் தரக் குறியீடு இறங்கும்.

டியூஷன் ஆசிரியர், யாழ்ப்பாணம்: தமிழில் தட்டச்சு செய்த பாடக்குறிப்பு, மாணவர்களின் ஃபோனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறதாம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத ஃபோனில் வேர்ட் கோப்பு அப்படித்தான் திறக்கும். உடனடி வழி: பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள், எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே போய்விடும். நிலையான வழி: யூனிகோடுக்கு மாறுங்கள். அப்போதுதான் மாணவர் அதில் ஒரு சொல்லைத் தேடவும் எடுத்து ஒட்டவும் முடியும்.

ரத்தப் பரிசோதனை நிலையம், திருச்சி: ஒருவரின் ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் “எல்லோருக்கும் நீக்கு” என்பதை அழுத்துங்கள். அதற்கு இரண்டு நாளைக்குச் சற்று மேல்தான் அவகாசம். நீக்கினாலும், அவர் பார்த்திருக்கலாம், சேமித்திருக்கலாம். ஆகவே தவறாகப் பெற்றவரிடம் அழித்துவிடச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டுக்கு உரியவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பின்னது கஷ்டம், ஆனாலும் அது அவருடைய உரிமை.

இனி நடக்காமலிருக்க: எண்ணைப் பெயரோடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள். பி.டி.எஃப்.புக்குக் கடவுச்சொல் போடுங்கள். கை தவறினாலும் திறக்காது. கோப்பின் பெயரிலும் அதன் கீழ்வரியிலும் பரிசோதனையின் பெயரை எழுதாதீர்கள். ஃபோன் பூட்டியிருந்தாலும் திரையில் அந்த வரி தெரியும். பக்கத்தில் இருப்பவர் படிப்பார். தனிநபர் தரவுக்கென்று இந்தியாவில் 2023லேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டத்துக்கு முன்பே இதற்கு ஒரு நியாயம் உண்டு: ஒருவரின் நோய் அவர் சொல்லித்தான் பிறருக்குத் தெரிய வேண்டும்.

விடுதி உரிமையாளர், கொடைக்கானல்: அறை எடுப்பவர்கள் ஆதார் படம் அனுப்புகிறார்கள். வரவேற்பறை ஃபோனில் நிறையச் சேர்ந்துவிட்டது.

முகவரி, பிறந்த தேதி, புகைப்படம், எண் எல்லாம் ஊழியர் கையிலுள்ள ஒரு ஃபோனின் கேலரியில் கிடக்கின்றன. இன்றே மூன்று காரியம் செய்யுங்கள். வாட்ஸ்அப் அமைப்பில் மீடியா விசிபிலிட்டியை அணையுங்கள். புதிதாக வருபவை கேலரிக்குள் போகாது. பழையவற்றைத் தேவை பார்த்து அழியுங்கள். இனி வருபவரிடம், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள், ஆதார் வழங்கும் யு.ஐ.டி.ஏ.ஐ.யின் தளத்திலேயே அது கிடைக்கிறது.

கணக்காளர், சேலம்: நான் அனுப்பும் பி.டி.எஃப்.பை வைரஸ் என்று பயந்து திறக்கவே மறுக்கிறார்கள்.

பயப்படுவது நல்லதுதான். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஏ.பி.கே. என்ற செயலிக் கோப்பை அனுப்பி வங்கிப் பணத்தைச் சுருட்டும் கும்பல்கள் இருக்கின்றன. உங்கள் கோப்பை அதிலிருந்து பிரித்துக் காட்டுவது உங்கள் பொறுப்பு. முதலில் ஒரு வரி எழுதுங்கள்: யார், என்ன கோப்பு, எதற்கு. பிறகு கோப்பு. அதன் பெயர் “ஸ்கேன்0047” என்று இருந்தால் யாருக்குத் துணிவு வரும்? “ஜி.எஸ்.டி. கணக்கு, மார்ச்” என்று வையுங்கள். கடைசியில் .ஏ.பி.கே. என்று முடிவது எதுவானாலும் தொடவேண்டாம் என்றும் சொல்லிக்கொடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

தையற்கலைஞர், தஞ்சாவூர்: வாடிக்கையாளர் முன்பு அனுப்பிய ப்ளவுஸ் டிசைன் இப்போது திறக்க மறுக்கிறது.

வந்த அன்று டவுன்லோட் செய்யாமல் விட்டிருப்பீர்கள், அல்லது ஃபோனில் இடம் போதவில்லை என்று அழித்திருப்பீர்கள். வாட்ஸ்அப் சர்வர் எதையும் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. அவரிடமே மறுபடி கேளுங்கள். இனி படம் வந்த உடனே, ஆர்டர் எண் போட்ட ஃபோல்டரில் சேமியுங்கள். இன்பாக்ஸ் பேசுவதற்கு, பத்திரப்படுத்த வேறு இடம் வேண்டும்.

நகைக்கடை ஊழியர், நாகர்கோவில்: ஐபோனில் எடுத்த படத்தை மட்டும் எங்கள் இன்பாக்ஸ் ஏற்பதில்லை.

ஐபோன் 2017 முதல் எச்.இ.ஐ.சி. வடிவில் சேமிக்கிறது, ஏ.பி.ஐ. ஏற்பது ஜேபெக், பி.என்.ஜி. இரண்டையும்தான். கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் என்பதற்குள் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று மாற்றுங்கள்.

விதைக்கடை, ஒட்டன்சத்திரம்: எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர்கள் நிறைய. என்ன அனுப்பலாம்?

உங்கள் குரலை. வாய்ஸ் மெசேஜ் மிகச் சிறியது, தானாக இறங்கும், கேட்டுவிட்டால் மைக் குறி நீலமாகும். ஒரு செய்திக்கு ஒரு விஷயம், முப்பது விநாடி. மருந்து அளவைச் சொன்னால், பாட்டிலின் படத்தையும் கூடவே அனுப்புங்கள்.

மளிகைக் கடை, புதுச்சேரி: விலைப்பட்டியலை அழகாக டிசைன் செய்து படமாக அனுப்புகிறோம். பார்வையில்லாத ஒரு வாடிக்கையாளர், “எனக்குப் பயனில்லை” என்றார். தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம். அவர் ஃபோன் திரையிலுள்ள எழுத்தை வாசித்துக் காட்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குச் சரியாக எட்டுவதில்லை. ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.பும் அப்படியே. அதே பட்டியலைச் செய்தியாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள்: வரிக்கு ஒரு பொருள், பக்கத்தில் எடை, விலை. அவருக்காகச் செய்யும் இந்த வேலை கண்ணாடியைத் தேடும் பெரியவருக்கும், டேட்டா தீர்ந்து கொண்டிருப்பவருக்கும், “துவரம்பருப்பு” என்று இன்பாக்ஸில் தேடுபவருக்கும் உதவும். அவர் பயனில்லை என்று சொல்லிவிட்டுப் போகாமல் உங்களிடமே சொன்னார் என்றால், உங்கள் கடையில் வாங்க இன்னும் விரும்புகிறார். பட்டியலை இன்றே அடித்து, முதலில் அவருக்கு அனுப்புங்கள்.