கொடிய எங்கலே கட்டுவ?

வீட்டுக்கு பிளான் போடுவாக, பாத்திருக்கேன். கோயில் கொடைக்குப் போடுவாக, அதுவும் பாத்திருக்கேன். புறவாசலுக்கு பிளான் போட்டு, கலர் அடிச்சு, உள்ள நாலு வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் ஓடவிட்டுக் கொண்டாந்திருக்க பாரு, இது எனக்குப் புதுசுய்யா. நல்லாத்தான் இருக்கு. யாரு வீடு இது?

ஒன் வீடுதானா? சரி சரி.

அஞ்சு சென்ட்டு மனை. வீடு போகப் பின்னால கெடக்கது ஒன்றரை சென்ட்டு. அதுக்குள்ள கிட்ஸ் ஸோன் ஒண்ணு, ஃபேமிலி ஸோன் ஒண்ணு, சீனியர் ஸோன் ஒண்ணு. ஒரே வீட்டுல பாகம் பிரிக்கணும்னா அண்ணன் தம்பி மண்டைய ஒடச்சுக்கிடணும்னுல்லா நெனச்சிருந்தேன்! துட்டு குடுத்தா வெளியாளே வந்து பிரிச்சுக் குடுக்கான். அந்த சீனியர் ஸோன்ல ஒத்தப் பெஞ்சு போட்டிருக்கு. ஒங்கம்மா அதுல உக்காந்து எதுத்தாப்புல உள்ள செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்? அவ என்னைக்குலே சும்மா உக்காந்தா?

அது கெடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். துணி காயப்போடக் கொடிய எங்கலே கட்டுவ?

முழிக்கான் பாரு. நீரூத்துக்கு எடம் இருக்கு, கூழாங்கல்லுப் பாதைக்கு எடம் இருக்கு. கொடிக்கு இல்ல, வத்தல் காயப்போட இல்ல, வெளக்குமாறு சாத்தக்கூட ஒரு மூலை இல்ல. இந்தப் படத்துல உள்ளவுக யாரும் துணி உடுத்த மாட்டாகளோ? செப்டிக் டேங்க் மூடி எங்க இருக்குன்னு படம் போட்டவன் கேட்டானா? நீரூத்துக்குக் கீழதான் இருக்கு. நாளைக்கு அது நெறஞ்சு, லாரிக்காரன் குழாயத் தூக்கிட்டு வருவாம்லா, அவன எந்த ஸோன்ல நிறுத்துவ?

புல்லுக்கு வாரேன். கொரியன் புல்லா? பேஷ். புல்லுத்தரைங்கிறது தூத்தலும் குளிருமாக் கெடக்குற சீமையில பெரிய பண்ணைக்காரனுக வச்ச பவுசுய்யா. எங்கிட்ட எம்புட்டு நெலம் வெதைக்காமக் கெடக்கு பாத்தியான்னு காட்டுறதுக்கு. அங்கயும் மொதல்ல ஆட்டை விட்டுத்தான் மட்டம் பண்ணுனாக, இல்லன்னா ஆளை விட்டு அறுத்தாக. 1830ல இங்கிலாந்துல எட்வின் பட்டிங்னு ஒருத்தரு, துணி மில்லுல கம்பளித் துணிக்கு மேல நிக்கிற பிசிறை வெட்டுற மிஷினப் பாத்துட்டு, அதே தினுசுல புல்லு வெட்டுற வண்டியச் செஞ்சாரு. நீ அந்த வண்டியும் வாங்கப் போறியாமே. சீவலப்பேரி ஆத்துத் தண்ணி குழாயில எத்தனை மைல் தாண்டி கோவில்பட்டிக்கு வருது? அத ஊத்திப் புல்லு வளத்து, வளந்ததத் துட்டு குடுத்து வெட்டி, வெட்டுனதக் குப்பை வண்டியில போடணும். ஒரு மாடாவது இருக்கா வீட்டுல?

தண்ணி இல்லன்னா பிளாஸ்டிக் புல்லு போடலாம்னு சொன்னானாக்கும்? போடு. சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்தப் படம் போட்டவனையே செருப்பில்லாம நாலு நடை நடக்கச் சொல்லு.

அப்புறம் தரையில ஒட்டச் சொல்லியிருக்கானே, அந்த சிமிண்டுக் கல்லு. ஒன் மனை கரிசல் மண்ணு, மறந்திராத. மழை பேஞ்சா ஊதும், வெயிலடிச்சா பாளம் பாளமா வெடிக்கும். மேல நீ என்ன ஒட்டுனாலும் அது பாட்டுக்குத் தூக்கும், எறக்கும். அதுமட்டுமா? 2023 மார்கழியில காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே. நம்ம பக்கமும் தப்பல. அன்னைக்குத் தண்ணி எந்தப் பக்கமா ஒன் புறவாசலுக்குள்ள வந்துச்சு, எந்தப் பக்கமா வெளிய போச்சு? ஒங்கம்மாவுக்குத் தெரியும், கேட்டுப் பாரு. அரசாங்கம் 2003லயே வீட்டுக்கு வீடு மழைத்தண்ணிக் குழி கட்டாயம்னுச்சு. ஒன் குழி எங்கன்னு தேடுனேன். அந்த சீனியர் பெஞ்சு இருக்கு பாரு, அதுக்கு அடியில.

நீரூத்து கரண்டு இருந்தாத்தான் நீரூத்து, கரண்டு போனா குட்டை. டெங்குக் கொசு சாக்கடையத் தேடாது தம்பி, நல்ல தண்ணியத்தான் தேடும். ஒரு வாரம் பத்து நாளு அசையாமக் கெடந்தாப் போதும், முட்டை கொசுவாப் பறந்துரும். பகல்லயே கடிக்கும். பிள்ளைக வெளையாடுற நேரம் பாத்து.

செடியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கிட்ஸ் ஸோனுக்கு வேலியா மஞ்ச அரளிய வச்சிருக்கான் பாரு, அவன் கையக் கொண்டா, கண்ணுல ஒத்திக்கிடுதேன். அந்தக் காயி என்ன செய்யும்னு இந்த ஊர்ல தெரியாத ஆளு உண்டா? பக்கத்துல தொட்டியில பச்சையும் வெள்ளையுமா அகலமா ஒரு எலை. டிஃபன்பேக்கியாங்கான். பிள்ளை கடிச்சா நாக்கு எரிஞ்சு வீங்கிரும். செவுத்தோரம் கோனோகார்ப்பஸ் வரிசை. அத நடாதீகன்னு 2025ல அரசாங்கமே உத்தரவு போட்டாச்சு, ஒன் ஆளுக்கு இன்னும் கடுதாசி வரல போல.

எல்லாமே தப்புன்னா சொல்லுதேன்? சொட்டுநீர்க் குழாய் போடணும்னு எழுதியிருக்கான்லா, அது வெவரமான காரியம். அத வச்சுக்கோ. மேல கட்டை கட்டையா நிறுத்தி, நடுவுல பூராம் வானமா விட்டிருக்கானே, பெர்கோலாவோ என்னமோ, வெயிலும் வரும் மழையும் வரும். அதையும் வச்சுக்கோ. அடியில ரெண்டு பீர்க்கு, ஒரு அவரை ஊனு. கார்த்திகைக்குள்ள நெழலும் கெடைக்கும், கொழம்புக்கும் ஆகும்.

பிள்ளைக வெளையாட சறுக்கு, ஊஞ்சல்னு ஒரு தொகை போட்டிருக்கியே. வீடு கட்டும்போது வாசல்ல மணலு கொட்டிக் கெடந்துச்சு. ஒம் பிள்ளைக ரெண்டும் பொழுதுக்கும் அதுலதான் கெடந்துச்சுக. அதுக்கு எவன் கொட்டேஷன் போட்டான்? ஒரு மூலையில மணலக் கொட்டு, ராத்திரி தார்ப்பாயப் போட்டு மூடு, பூனை அசிங்கம் பண்ணாது. பக்கத்துலயே தொவைக்கிற கல்லப் போடு. பிள்ளைக ஸோனுக்கு வராதுகய்யா, ஆளு இருக்கிற எடத்துக்குத்தான் வரும். ஆளு எங்க இருக்கும்? வேலை கெடக்கிற எடத்துல. ஒங்கம்மா மொளகா வத்தலக் காயப்போட்டு, பேரன் கையில ஒரு கம்பக் குடுத்து காக்கா வெரட்டச் சொன்னான்னு வையி, அவன் அந்த செல்ல மூஞ்சியில இருந்து எடுத்துட்டு ஓடியாருவான். வேலை பூராத்தையும் வெளிய தள்ளிட்டு அழக மட்டும் வச்சா, அங்கன தண்ணி ஊத்துற ஆளு மட்டுந்தான் நிப்பான், அவனும் சம்பளத்துக்கு.

மேக்கால ஒரு வேம்பு வையி, சாயங்கால வெயில அது வாங்கிக்கிடும். தொட்டிக்கும் டேங்குக்கும் தள்ளி வையி, வேரு சும்மா இருக்காது. தொவைக்கிற தண்ணி போற எடத்துல வாழை. முருங்கைய நட்டவன் வெறுங்கையோட போவான்னு சொல்லுவாக, போனாப் போறான். ஆனா சன்னலுக்குப் பக்கத்துல நட்டுராத, மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி வீட்டுக்குள்ள குடிவந்துரும். பிள்ளைகள அதுல ஏறவும் விடாத, கொப்பு சொல்லாமக் கொள்ளாம ஒடியும்.

கருவேப்பிலைக்கு நர்சரிக்குப் போறியா? கிறுக்கா ஒனக்கு? நம்ம மரத்தடியில வேருல இருந்து எத்தனை கன்னு கெளம்பி நிக்கி! நாளைக்குக் காலையில வந்து வேண்டியதத் தோண்டிட்டுப் போ. வரும்போது அந்த டிசைனரையும் கூட்டிட்டு வா. தென்னம்பிள்ளைக்கு ரெண்டு குழி வெட்ட வேண்டியிருக்கு, ஆளு கெடைக்காமத் தவிச்சுக்கிட்டுக் கெடக்கேன்.