சிங்கப்பூர் மாமா

தை பிறந்தால் கம்மாபுரத்துக்கு வழி பிறக்கிறதோ இல்லையோ, சிங்கப்பூர் மாமா வந்துவிடுவார். கோடாலித் தைலமும் மைலோ டப்பாவும் புடைத்த பையைத் திண்ணையில் வைத்த கையோடு, "பையனுக்கு நம்மூர்ப் பொண்ணுதான்" என்பார். பையன் பிறந்தது, படித்தது, பட்டாளத்தில் இரண்டு வருஷம் இருந்தது எல்லாம் அங்கேதான். கம்மாபுரம் வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் வயிற்றுப்போக்கு.

பெண் புள்ளிக்கோலம் போடவேண்டும், அம்மியில் அரைக்கவேண்டும், அதிர்ந்து பேசக்கூடாது. மாமா விமானம் ஏறிய 1988-ல் ஊரில் இருந்த பெண்ணையே கேட்கிறார். அவள் இப்போது பேரன் எடுத்துவிட்டாள். அம்மி தொழுவத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. போன வருஷம் பார்த்த பெண்ணுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கேசரித் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மாமா, அவருக்குத் தமிழ் படிக்க வருமா?"

மாமாவுக்கு இருமல் வந்தது. "ஸ்கூல்ல படிச்சாம்மா. பரீட்சைக்கு."

"பேச?"

"சாப்டியான்னு கேட்டா, 'ம்'னு சொல்லுவான்."

மாமா தினமும் படிப்பது 'தமிழ் முரசு'. 1935-ல் அதைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி திருவாரூர்க்காரர், சிங்கப்பூரில் தமிழர் திருநாள் கொண்டாட வைத்தவர். அவர் மனைவி சீனப்பெண். இதைச் சொன்னால், "அவர் பெரிய மனுஷர்டா" என்று பேச்சை மாற்றிவிடுவார். 2011 முதல் அங்கே பிள்ளையின் பிறப்புப் பதிவில் அப்பா இனம், அம்மா இனம் இரண்டையும் நடுவில் கோடு போட்டு எழுதிக்கொள்ளலாம். மாமாவுக்குத் தூக்கத்தைக் கெடுப்பது அந்தச் சின்னக் கோடுதான்.

விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வேலைக்குப் போகும் சித்தி ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "அண்ணே, வெந்து வந்த பொம்மைய மறுபடி பிசைய முடியாது. புள்ள அங்கயே வெந்துட்டான். நீ இங்க வந்து மண்ணு தேடுற." மாமா கோபப்படவில்லை. கார்த்திகைக்கு வேண்டுமென்று அவளிடம் மூன்று டஜன் அகல் வாங்கிக்கொண்டு போனார்.

இந்தத் தையிலும் வருகிறார். பெண் வீட்டார் ரவையை வறுக்குமுன் பையனுடைய வாட்ஸ்அப் நம்பரை வாங்கிக்கொள்ளவும். அதிலுள்ள போட்டோவில் அவன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பது யாரென்று, தயவுசெய்து, அவனையே கேட்கவும்.