மேசைத்திணை: ஒரு விளக்குரை

விளக்கு + உரை = விளக்குரை. வன்தொடர்க் குற்றியலுகரம் தன் உகரம் கெட்டுப் புணர்ந்தது. இலக்கணம் இவ்வளவு போதும். இனிப் பொருளுக்கு வருவோம்.

நிலத்தைத் திணைகளாகப் பகுத்த முன்னோர், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் இடையே கிடக்கும் நாலடி மேசையை விட்டுவிட்டனர். அக்குறை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது.

மேசைத்திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம், மேற்படி மேசை. பொழுது, ஞாயிறு மாலை, எலக்ட்ரிக்கல் கடைகள் அடைத்த பின். கருப்பொருள்: டெஸ்டர், சால்டரிங் அயர்ன், நுனி காணாத இன்சுலேஷன் டேப், மூன்று வாரமாக ஓடாத மிக்ஸி. உரிப்பொருள்: தேடலும் தேடல் நிமித்தமும். தேடப்படுவது, கீழே விழுந்த ஸ்க்ரூ. "வெளிச்சம் போதல" என்பது தலைவன் கூற்று. வேறு கூற்று அவனுக்கு இல்லை.

இனி இயல்கள்.

நிழலியல்: அறையின் நடுவே, உயரத்தில், ஒரு டியூப்லைட் உண்டு. மேசையோ சுவரோரம். ஆகவே வேலை செய்பவனுக்கு முதுகுப்புறம் வெளிச்சம். அவன் தலையின் நிழல் சரியாக அவன் பார்க்க வேண்டிய இடத்தில். 20 வாட்டை 40 வாட் ஆக்கினால் தீராதோ எனின், தீராது. தலை அங்கேயேதான் இருக்கும். ஆதலின் விளக்கு தலைக்கு முன்னே, கண்ணுக்கு மேலே அமைதல் வேண்டும். ஒற்றை விளக்காயின் வலக்கைப் பழக்கத்தார்க்கு இடப்புறமும் இடக்கைப் பழக்கத்தார்க்கு வலப்புறமும் வைத்தல் நன்று. இல்லையேல் கையே மறைக்கும்.

சேய்மையியல்: ஆறடி உயரத்துப் பல்பை மூன்றடிக்கு இறக்கினால், நேர் கீழே வெளிச்சம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்ததைத் தெருமுனை கேரம் ஆட்டக்காரர்கள் செய்தே காட்டிவிட்டனர்: போர்டுக்கு மேல் கையெட்டும் உயரத்தில், குடை போட்ட ஒரே பல்பு. குடை இருப்பதால் கண் கூசாது. ரெட்டை விட்டதற்கு வெளிச்சத்தைக் குறை சொல்ல அங்கே எவருக்கும் வழியில்லை. இக்கருத்தை வாசகர் நினைவில் வைக்க, பின்னால் வேண்டியிருக்கும்.

நிறவியல்: பெட்டியில் 2700 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள், 6500 என்றிருந்தால் நீலம் ஓடிய வெள்ளை, 4000 இரண்டுக்கும் நடு. ஆயினும் நிறங்களை உள்ளபடி காட்டுமா என்பதைச் சொல்வது சிஆர்ஐ என்னும் வேறோர் எண். வீட்டுக்கு 80 போதும். நிறம் பார்த்துச் செய்யும் வேலைக்கு 90 இருப்பது நலம். சான்று: ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வளையங்கள் வந்தால் 1,000 ஓம். மூன்றாவது ஆரஞ்சு என்றால் 10,000. சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வேறுபாடு காட்டாத விளக்கின் கீழ் ஆய்வாளர் பத்து மடங்கு பிழை செய்து, ரேடியோவின் மேல் பழி போட்டார்.

நடுக்கவியல்: சோக் போட்ட பழைய டியூப்லைட், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. கண் இதை அறியாது. ஆனால் அதன் கீழ் சுழலும் சாணைச் சக்கரம் சில வேகங்களில் நின்றுவிட்டது போலத் தோன்றும். தொட்டுப் பார்த்து ஐயம் தீர்த்துக்கொள்ளலாகாது.

பொருத்தியல்: நாலடி எல்இடி பேட்டன் ஒன்று, 20 வாட், 4000 கெல்வின், மேசைக்கு மேலுள்ள அலமாரித் தட்டின் முன்விளிம்புக்கு அடியில் என்று தீர்மானமாயிற்று. ஒயர் சேர்க்குமுன் மெயினை அணைக்க வேண்டும். விளக்குப் பொருத்த வீட்டையே இருட்டாக்க வேண்டும் என்னும் இம்முரண் தத்துவ நூலாருக்கு உரியது. நமக்கு டார்ச் பிடிக்க ஆள் வேண்டும். இல்லத்தரசி அழைக்கப்பட்டார்.

"இங்க காட்டும்மா. சுவத்துக்கு இல்ல, ஸ்க்ரூவுக்கு."

"ஸ்க்ரூவுக்குத்தாங்க காட்டுறேன். உங்க தலைதான் மறைக்குது."

நிழலியல் முழுவதும் இவ்வொரு வரியில் அடங்கிற்று. அதைக் கண்டறிய ஆய்வாளருக்கு மூன்று வாரம் பிடித்தது.

பயனியல்: மெயின் போடப்பட்டது. விளக்கு எரிந்தது. டேப்பின் நுனி தெரிந்தது. தொலைந்த ஸ்க்ரூக்களில் நான்கு கிடைத்தன; அவற்றுள் எதுவும் தேடியது அன்று. கூடவே ஓர் உண்மையும் வெளிப்பட்டது. மங்கல் வெளிச்சம் இத்திணையின் குறை அன்று, அரண். "வெளிச்சம் போதல" என்ற சொல்லை நம்பித்தான் மிக்ஸி இத்தனை நாள் காத்திருந்தது. அச்சொல் இனிச் செல்லாது.

ஆய்வாளர் வேறு வழியின்றி மிக்ஸியைக் கவிழ்த்தார். அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் பளிச்சென்று தெரிந்தது. சட்னிக்குத் தேங்காயை அளவுக்கு மீறித் திணித்தால் மோட்டார் கருகாமலிருக்கத் தானே துண்டித்துக்கொள்ளும் ஓவர்லோடு சுவிட்ச் அது. சற்று ஆறவிட்டு அமுக்கினால் போதும். ஆறுவதற்கு மூன்று வாரம் தாராளம். அமுக்கினார். ஓடிற்று.

மிக்ஸியை அடுக்களையில் வைத்துவிட்டு, ஆய்வாளர் அடக்கத்துடன் சொன்னார்: "மோட்டார் காயில்லதான் பிரச்சினை. முழுசாக் கழட்டி, பாத்துப் பாத்து சரி பண்ணிட்டேன்."

"அப்படியா? அடியில ஒரு செவப்பு பட்டன் இருக்கும், அத அமுக்குனா போதும்னு எதிர்வீட்டு அக்கா இப்பத்தான் சொல்லிட்டுப் போனாங்க."

இது கண்டோர் கூற்று.