விலாசத்துக்கு ஒரு சம்பளம்

1999-இல் என் சம்பளம் ஒரே நாளில் எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரமாக உயர்ந்தது. அதற்காக நான் புதிதாக எதையும் படித்துவிடவில்லை. சென்ட்ரலில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறிப் பெங்களூரில் இறங்கினேன், அவ்வளவுதான். காலையில் சென்னையில் எட்டாயிரம் ரூபாய் பெற்ற அதே கோபால், மத்தியானம் பெங்களூரில் பன்னிரண்டாயிரம் பெற்றது. கோபால் என்பது கம்ப்யூட்டர் மொழி. அம்மா வெகுநாள் அவரை என் மேலதிகாரி என்றே நினைத்திருந்தாள்.

அது ஒய்டூகே காலம். இடத்தை மிச்சம் பிடிக்க வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்த அமெரிக்க வங்கிகளுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும், 2000 பிறந்தால் 1900 என்று கணக்குப் புரண்டுவிடும் என்ற பயம். அவர்களுடைய பழைய சிக்கனத்தில் எங்கள் புதிய பிழைப்பு நடந்தது. இரண்டு இலக்கத்தை நாலு இலக்கமாக்கத் தெரிந்தவனுக்கு அன்று ஊர் ஊராகக் கிராக்கி.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குத் தெரிந்த வேலை தேடும் முறை வேறு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டுவது. வேலையும் ஆளைத் தேடும் என்பது, 'இந்து' பேப்பரோடு புதன்கிழமை வரும் ஆப்பர்சூனிட்டீஸ் இணைப்பைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. பக்கம் பக்கமாக விளம்பரம். பாதிக்கு மேல் பெங்களூர் விலாசம்.

பெங்களூர் முந்திக்கொண்டதில் ஆச்சரியமில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி எழுபதுகளின் கடைசியிலேயே தொடங்கியாயிற்று. புனேயில் பிறந்த இன்ஃபோசிஸ் 1983-இல் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வந்தது. ஆட்களை விளைவித்தது தமிழ்நாடு, 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்துவிட, பாலிடெக்னிக் இல்லாத ஊரில்கூட என்ஜினீயரிங் காலேஜ் முளைத்தது. அறுவடை மட்டும் ஓசூரைத் தாண்டி நடந்தது.

நேர்முகத்தில் கோபாலைப் பற்றி இரண்டு கேள்வி. பிறகு, "எப்போது சேருவீர்கள்?" என்பதே திரும்பத் திரும்ப வந்தது. ஊருக்கு எஸ்.டி.டி. போட்டு அப்பாவிடம் சொன்னேன். கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தொகையைச் சொன்னாலும் அதன் பற்றுப் பக்கத்தைத்தான் முதலில் கேட்பார்.

"நாலாயிரம் கூடக் கொடுக்கான்னா சும்மாவால கொடுப்பான்? அங்க வீட்டு வாடகை என்ன?"

விசாரிக்கவில்லை என்றேன். அங்கே போய் விசாரித்தேன். வாடகை மூவாயிரம், அட்வான்ஸ் பத்து மாதம். சென்னையில் நான் இருந்தது சித்தப்பா வீட்டில். வாடகை கிடையாது, சித்தியின் ரசம் உபரி. நாலாயிரம் உயர்வில் மூவாயிரத்தை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். மிச்ச ஆயிரத்தை மடிவாளாவிலிருந்து ஊருக்குப் புறப்படும் ஆம்னி பஸ்காரர்கள் பண்டிகைக்குப் பண்டிகை வாங்கிக்கொண்டார்கள். அட்வான்ஸ் முப்பதாயிரத்தை அப்பா வங்கியில் நகைக்கடன் எடுத்துக் கொடுத்தார். "முன்னேறிட்டல" என்று மட்டும் சொன்னார். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

ஆளுக்கு நடந்த போட்டி கட்டடத்துக்கும் தாவியது. 1998 நவம்பரில் ஹைதராபாத்தில் சைபர் டவர்ஸ் திறந்தார்கள். திறந்தவர் பிரதமர் வாஜ்பாய், பக்கத்தில் சந்திரபாபு நாயுடு. 2000 ஜூலையில் சென்னை தரமணியில் டைடல் பார்க். திறந்தவர் அதே வாஜ்பாய், பக்கத்தில் கலைஞர். பெங்களூரைச் சிங்கப்பூராக்குவதாக எஸ்.எம். கிருஷ்ணா சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று முதல்வர்களும் எங்களுக்காகக் கண்ணாடிக் கட்டடம் கட்டுகிறார்கள் என்று பெருமையாக இருந்தது. ஏலம் எங்கள் பேரில் நடந்தது. ஏறியது சுற்றுவட்டாரத்து நிலத்தின் விலை.

அடுத்த விலாசம் அமெரிக்கா. 65,000 என்றிருந்த ஹெச்-1பி விசா உச்சவரம்பு படிப்படியாக ஏறி, 2001 முதல் மூன்று வருஷத்துக்கு 1,95,000 ஆனது. அந்த வெள்ளத்தில் நியூஜெர்சி எடிசனில் ஒதுங்கினேன். சம்பளம் மறுபடி குதித்தது, இந்த முறை டாலரில். தெரிந்தது அதே கோபால்தான்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஹெச்-1பி ஆளுக்கு, அந்த வேலைக்கு அந்த வட்டாரத்தில் நடப்பிலுள்ள கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். வட்டாரம் மாறினால் கூலியும் மாறும். இன்ன வேலைக்கு இன்ன ஊரில் இன்ன சம்பளத்தில் வெளிநாட்டு ஆள் எடுக்கிறோம் என்று வேலை செய்யும் இடத்திலேயே கண்ணில் படும்படி அறிவிப்பும் வைக்க வேண்டும். ஊரில் அப்பாவிடமே சரியாகச் சொல்லாத என் சம்பளம், காப்பி மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்தது. காப்பி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் படித்தார்கள்.

அப்படிப் படித்த வெள்ளைக்காரர் ஒருவர், அறுபதை நெருங்கியவர், எனக்குக் கோபாலில் பல நுணுக்கம் சொல்லித் தந்தவர், ஒருநாள் சொன்னார்: "உன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த வேலையைச் சென்னையில் இதைவிடக் குறைவாகச் செய்வார்கள் என்று மேலே கணக்குப் போடுகிறார்கள். எனக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு." எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் மலிவாகச் செய்யவில்லை, நன்றாகச் செய்கிறோம் என்றேன். இரண்டும் உண்மை. பில் போட்டவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் அவருடைய மேஜை காலியானது. வேலை சென்னைக்குப் போனது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை எனக்கே கொடுத்து, பதவி உயர்வும் தந்தார்கள்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஆள் எடுப்பவன். அங்கிருந்து பார்த்தால் போட்டியின் முகமே வேறு. இளைஞனாக இருந்தபோது, சந்தை சுதந்திரமானது, திறமைக்கு விலை உண்டு என்று சொல்லித் தந்தவர்கள், அந்தச் சந்தைக்கு வேலி போடுவதில்தான் அதிக நேரம் செலவழித்தார்கள். முதலில் பாண்ட்: இத்தனை வருஷத்துக்குள் போனால் இத்தனை ஆயிரம் கட்டு. பிறகு நோட்டீஸ் பீரியட்: ஒரு மாதமாக இருந்தது பல இடங்களில் மூன்று மாதமாக நீண்டது. மூன்று மாதம் எந்தக் கம்பெனி காத்திருக்கும் என்ற நம்பிக்கைதான். எல்லாரும் மூன்று மாதம் வைத்ததால் எல்லாரும் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

நம்மூரில்தான் இப்படி என்று குறைபட்டுக்கொள்ள வேண்டாம். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி முதலான கம்பெனிகள், உன் ஆளை நான் கூப்பிடமாட்டேன், என் ஆளை நீ கூப்பிடாதே என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. 2010-இல் அமெரிக்க நீதித் துறை பிடித்தது. ஊழியர்கள் போட்ட வழக்கு 2015-இல் 41.5 கோடி டாலருக்குச் சமரசமானது. திறமைக்குப் போட்டி என்று மேடையில் பேசுவது, போட்டியே வேண்டாம் என்று போனில் பேசுவது: சிலிக்கன் பள்ளத்தாக்கின் இந்தத் தொழில்நுட்பம் எங்களுக்கு ஆன்சைட் போகாமலே வந்து சேர்ந்திருந்தது.

வேலி ஒருமுறை சாய்ந்தது. கொரோனாவை ஒட்டி உலகம் முழுக்க எல்லாக் கடையும் இணையத்துக்கு மாற, 2021-22-இல் ஆளுக்கு அப்படியொரு பஞ்சம். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் சொன்ன கணக்குப்படி, ஓராண்டில் விட்டுப் போனவர்கள் 28.4 சதவீதம். நோட்டீஸ் பீரியடில் இருக்கும் மூன்று மாதத்தை இளைஞர்கள் கோடை விடுமுறைபோலப் பயன்படுத்தி, ஓர் ஆஃபரைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மூன்றாவது என்று ஏறிக்கொண்டே போனார்கள். சேருகிறேன் என்று சொன்னவர் சேரும் நாளன்று போனை எடுக்கமாட்டார். எங்கள் அலுவலகத்தில் அவர்களுக்காக ஆர்டர் செய்த கேக்குகளை, விட்டுப் போகாத பழைய ஆட்கள் தின்றார்கள். அந்த வருஷம் அவர்களுக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் பெரும்பாலும் அதுதான். இருப்பவனுக்கு ஏழெட்டு சதவீதம், வருபவனுக்கு ஐம்பது. பத்து வருஷம் இருந்தவர், தான் பயிற்சி கொடுக்கப்போகும் புதியவரின் சம்பளத்தைக் கேட்டுவிட்டு மறுநாள் ரெஸ்யூமேயைத் தூசி தட்டினார்.

கல்லூரியிலிருந்து நேராக வருகிறவனுக்கு மட்டும் எந்த அலையும் காலை நனைக்கவில்லை. பெரிய கம்பெனிகளில் சாதாரணமாகச் சேரும் புதுமுகத்தின் ஆண்டுச் சம்பளம், பத்து வருஷத்துக்கும் மேலாக மூன்று லட்சத்துக்கும் நான்கு லட்சத்துக்கும் நடுவிலேயே நிற்கிறது. இதற்கிடையில் அவனுக்காக நகரங்கள் நடத்தும் சண்டையோ உச்சத்தில். 2024-இல் தமிழ்நாடு பட்ஜெட்டில், வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே அமைக்கும் திறன் மையங்களில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளமுள்ள வேலைகளுக்கு, அந்தச் சம்பளத்திலேயே முதல் வருஷம் 30, அடுத்து 20, பிறகு 10 சதவீதத்தை அரசு தருவதாக அறிவித்தார்கள். அதே வருஷம் கர்நாடகம், 2029-க்குள் புதிதாக 500 மையங்கள் என்று தனிக் கொள்கையே வெளியிட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு இட ஒதுக்கீடு என்று அது ஒரு மசோதாவை எடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்த இடைவெளியில், "விசாகப்பட்டினத்துக்கு வாருங்கள்" என்று ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ் பந்தி விரித்தார். 2025-இல் அங்கே டி.சி.எஸ்.ஸுக்கு 21.16 ஏக்கர் நிலத்தை 99 பைசாவுக்குக் கொடுத்தது ஆந்திர அரசு. அந்தக் காசுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு வடை வராது. நிலத்துக்குத் தள்ளுபடி, சம்பளத்துக்கு மானியம். புதுமுகத்தின் மூன்றரை லட்சம் மட்டும் எந்த அமைச்சரவையின் முன்னாலும் வைக்கப்படவில்லை. அவன் எங்கேயும் போய்விடமாட்டான். பின்னால் லட்சம் பேர் நிற்கிறார்கள்.

இப்போது கம்பெனிகளே நம் விலாசத்துக்கு வரத் தொடங்கிவிட்டன. 2011-இல் ஸோஹோ தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டபோது விசித்திரமாகப் பார்த்தவர்கள், இன்று அந்த ஊர் பேரைத் தங்கள் பவர்பாயிண்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். 2024-இல் மட்டும் விழுப்புரம், சேலம், தஞ்சாவூர், தூத்துக்குடி என்று நாலு ஊர்களில் சின்ன டைடல் பூங்காக்கள் திறந்தன. திருநெல்வேலியில் ஒரு கம்பெனி கிளை போட்டு, என் அக்கா மகனைச் சென்னையிலிருந்து மாற்றியது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் எனக்குப் போன் செய்தான்.

"மாமா, அதே டீம், அதே கிளையண்ட், அதே ராத்திரி ஷிப்ட். ஊருக்குப் போறேன்னதும் பதினைஞ்சு சதவீதம் குறைக்காங்க. நியாயமா?"

"அங்க செலவு குறைவுல்லா? வீட்டுச் சாப்பாடு, வாடகை கிடையாது."

"அப்ப இவ்வளவு நாளும் சம்பளம் எனக்குக் கொடுக்கலையா? வீட்டுக்காரருக்குத்தான் கொடுத்தாங்களா?"

அப்பா உயிரோடு இருந்திருந்தால் இவனை மடியில் வைத்துக் கொஞ்சியிருப்பார். 2020-லேயே ஃபேஸ்புக்கின் ஸக்கர்பெர்க், செலவு குறைந்த ஊருக்குக் குடிபெயர்கிறவர்களுக்குச் சம்பளம் அதற்கேற்ப மாறும் என்று சொல்லிவிட்டதை எடுத்துச் சொன்னேன். கலிஃபோர்னியாக்காரன் சொன்னால் அது திருநெல்வேலிக்கும் வேதம் என்று எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். தவிர, இந்தக் கணக்கை நாங்கள் எப்படி மறுக்க முடியும்? நியூஜெர்சியைவிடச் சென்னையில் செலவு குறைவு என்ற ஒற்றை வரியில்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. அந்த வரியில் ஊர்ப் பேரை மட்டும் அடித்து எழுதினால் திருநெல்வேலி. எடிசன் பெரியவருக்கு நான் சொன்ன பதிலையே இவனும் தன் மேலாளரிடம் சொன்னானாம்: மலிவாக இல்லை, நன்றாகச் செய்கிறோம். மேலாளர் மிகவும் பாராட்டினாராம்.

எடிசன் விலாசம் இப்போது இவன் கைக்கு எட்டாது. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஹெச்-1பி-யில் ஆள் எடுக்க ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் ஆணை போட்டுவிட்டார். ஆகவே பையன் பக்கத்து விலாசத்தைப் பிடித்தான். பெங்களூரில் ஒரு கம்பெனி நாற்பது சதவீதம் கூடக் கொடுப்பதாகக் கடிதம் அனுப்பியது. அதைக் காட்டி ராஜினாமா அனுப்பினான். மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது: பெங்களூர்ச் சம்பளத்தையே தருகிறோம், திருநெல்வேலியிலேயே இரு.

காலையில் செலவு குறைந்த ஊராக இருந்த திருநெல்வேலி, மதியச் சாப்பாட்டுக்குள் பெங்களூர் அளவுக்கு விலைவாசி ஏறிய ஊராகிவிட்டது. அரிசியும் வாடகையும் அப்படியேதான் இருந்தன. அவன் மூட்டை கட்டத் தயார் என்பது மட்டும்தான் புதிய செய்தி. அவனோடு திருநெல்வேலிக்கு வந்த மற்றவர்கள் கடிதம் எதையும் காட்டவில்லை. அவர்களுக்கு ஊர் இன்னும் மலிவாகவே இருக்கிறது.

போன வாரம் கூப்பிட்டான். டீம் லீடர் ஆக்கிவிட்டார்களாம். சங்கரன்கோவிலில் சின்னதாக ஒரு கிளை திறக்கிறார்களாம். ஆள் எடுக்க இவனைத்தான் அனுப்புகிறார்களாம்.

"எவ்வளவு சம்பளம் சொல்லப்போற?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் குறைச்சுத்தான் சொல்லணும் மாமா. சங்கரன்கோவில்ல திருநெல்வேலி அளவுக்குச் செலவு கிடையாதுல்லா?"